புதுப் பூச்சும் பழைய சுவரும்

மும்பைக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதலில் வீடு விசாரிக்கும் இடம் மாதுங்கா. கோயில், பள்ளிக்கூடம், வாழையிலை, காப்பிப்பொடி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். 1896-ல் வந்த பிளேக் நோயைத் தொடர்ந்து, 1898-ல் ஏற்பட்ட பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வகுத்த திட்டத்தில் உருவான பேட்டை இது. அங்கிருந்த மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள் இப்போது ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. மிஞ்சியிருப்பவற்றில் சில பிளாட்டுகளை உள்ளே மட்டும் புதுப்பித்து, கூடுதல் வாடகைக்கு விடுகிறார்கள். பளபளக்கும் டைல்ஸைப் பார்த்து முன்பணம் கொடுக்குமுன் சிலவற்றைக் கவனிப்பது நல்லது.

முதலில் கட்டடம். கடற்காற்றின் ஈரமும் உப்பும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் வெடித்து, பாளம் பாளமாக விழும். புதிதாகப் போட்ட பொய்க்கூரை இதை மறைத்துவிடும். எனவே பிளாட்டைப் பார்க்குமுன் மாடிப்படியின் அடிப்பக்கம், பால்கனியின் அடிப்பக்கம், மொட்டைமாடி ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே யாரும் அலங்காரம் செய்வதில்லை. கட்டடத்தின் உண்மை நிலை தெரியும். வீட்டுக்குள் சுவரை விரல் கணுவால் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது. அறையைப் பெரிதாக்க ஏதாவது சுவரை எடுத்தார்களா என்றும் கேளுங்கள். பழைய கட்டடங்கள் சிலவற்றில் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. ஏ.சி., கீசர் இரண்டுக்கும் புது ஒயரும் எர்த்தும் உண்டா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது அவசியம். முடிந்தால் ஜூலை மழையில் ஒருமுறை போய்ப் பார்க்கவும்.

முப்பது வருடம் தாண்டிய கட்டடத்துக்கு உறுதிச் சான்று பெற வேண்டும் என்பது மாநகராட்சிச் சட்டம். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். 1969 செப்டம்பர் 30-க்கு முன் கட்டிய, 'செஸ்' வரி கட்டும் கட்டடங்களை மாடாவின் பழுதுபார்ப்பு வாரியம் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆய்வு செய்து, மிக ஆபத்தானவற்றின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் உங்கள் கட்டடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, வீட்டைத் தருபவர் யார்? மாதுங்காவில் 'பகடி' முறையில் இருப்பவர்கள் அநேகர். முன்பு ஒரு தொகை கொடுத்துவிட்டு மாதம் சொற்ப வாடகை கட்டி வருபவர்கள் இவர்கள். ஒப்பந்தம் இடம் கொடுத்தாலொழிய, இவர்கள் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட முடியாது. அப்படி விட்டால் அவரோடு நீங்களும் வெளியேற நேரலாம். கட்டடச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் கையில் வேண்டும்.

மூன்றாவது ஒப்பந்தம். 2000 மார்ச் 31 முதல் அமலில் உள்ள மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் ஆக வேண்டும். பதிவு செய்விப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வெறும் நோட்டரி முத்திரை போதாது.

கடைசியாக, இடிப்பு. மறுகட்டுமானத்தின்போது மாற்று இடமும் இடைக்கால வாடகையும் சொந்தக்காரருக்கோ பகடிக் குடித்தனக்காரருக்கோ போகும். லைசென்ஸில் இருப்பவருக்கு அதில் பங்கில்லை. பள்ளி நடுவில் சாமான்களோடு தெருவுக்கு வராமலிருக்க, பில்டரோடு பேச்சு நடக்கிறதா என்று பக்கத்து வீட்டு மாமியிடம் விசாரியுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லுவார். காலி செய்யச் சொன்னால் எத்தனை மாத அவகாசம், டெபாசிட் எந்த நாளில் திரும்பும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.