கல்லின் புள்ளியும் கேமராவின் புள்ளியும்

மாலை ஐந்தரை மணிக்கு மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் போனால் கண் பழகவே சற்று நேரமாகும். ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். என்னிடம் அது இல்லை. கையில் பிடித்தபடி ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றித்தான் சிங்கத்தின் மேல் வில்லேந்தி வரும் துர்க்கையை எடுத்தேன். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், சுவர் முழுக்க ரவையைத் தூவிய மாதிரி புள்ளிகள். ஸ்டுடியோக்காரர்கள் ‘நாய்ஸ்’ என்பார்கள். ஃபிலிம் காலத்து ஆட்களுக்கு இன்றும் அது ‘கிரெயின்’தான்.

எல்லாம் வெளிச்சப் பஞ்சத்தால் வருவது. ஒரு பிக்ஸலில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். வெறும் 100 விழுந்தால் 10 சதவீதம். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் வெளிச்சம் கூடாது, இந்தத் தடுமாற்றமும் சேர்ந்து பெரிதாகும்.

புள்ளிகளைக் குறைக்க, லைட்ரூம் மென்பொருளில் ‘கலர்’ ஸ்லைடரைத் தயங்காமல் இழுக்கலாம். சிவப்பும் பச்சையுமாகத் தெறிக்கும் புள்ளிகள் கல்லுக்குச் சொந்தமில்லை. வம்பு, வெளிச்ச ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ‘லூமினன்ஸ்’ ஸ்லைடரில். கருங்கல்லே பொடிப்பொடியான மணிகளால் ஆனது. அதன் மேல் உளிக்கொத்து வேறு. எது கல், எது நாய்ஸ் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? 60 வரை இழுத்தேன். துர்க்கை மெழுகுப் பொம்மையாகிவிட்டாள். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் கன்னத்துக்கு நடக்கும் அதே அநியாயம்! 2023 ஏப்ரலில் லைட்ரூமுக்கு வந்த ஏ.ஐ. டீநாய்ஸ் எவ்வளவோ மேல். ஆனாலும் அது ஊகம்தான். உப்புக்காற்று அரித்த கடற்கரைக் கோயில் சிற்பங்களை அதனிடம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

நான் நம்புவது பழைய வழியை. மறுநாள் அதே இடத்தில் நின்று, தூணில் சாய்ந்தபடி மளமளவென்று 16 படங்கள் எடுத்தேன். ஃபோட்டோஷாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் நாய்ஸ் கால்பங்காகக் குறையும். புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறும், கல் மாறாது. டிசம்பர், ஜனவரியில் நடக்கும் மாமல்லபுரம் நாட்டிய விழாவில் இது பலிக்காது, ஆடுகிறவர் நிற்கமாட்டாரே. அங்கே கொஞ்சம் கிரெயின் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுக்கிய படத்தைப் பெரிதாக்கினேன். எருமைத்தலை அசுரனுக்குப் பின்னால், சுவரில் சாய்வாக உளிக்கொத்துகள். மெழுகுப் படத்தில் அந்த இடம் வழவழப்பாக இருந்தது.