கண்வலிக்கிழங்கும் இரசாயன ஆராய்ச்சியும்

அவிநாசிபாளையத்திற்குத் தெற்கேயுள்ள தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு பயிரிடப்பட்டு வருகிறது. செங்காந்தள் என்பதும் இதுவே. குடியானவர்கள் இக்கொடியைக் கம்பிகளில் படரவிட்டு, காலை வேளையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து, விதையெடுத்து விற்கின்றனர். விதைக்கு விலை கிடைப்பது அதிலுள்ள கால்ச்சிசின் என்னும் பொருளினாலேயாம். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுகள் வீங்கும் நோய்க்கு அது மருந்தாகும்.

கால்ச்சிசினை இரசாயன சாஸ்திரிகள் 1959-ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்து காட்டினர். ஆயினும் செடி அதனை எவ்விதம் செய்கிறது என்பது வேறு விஷயம். அதனை அறியும் முறை, மடையில் சாயம் கரைத்துவிட்டு அது எந்த வயலில் தோன்றுகிறதென்று பார்ப்பதற்கு ஒப்பாகும். செடிக்குள் இடைநிலையில் உண்டாகலாமென்று கருதப்படும் பொருளை ஆராய்ச்சியாளர் தாமே தயாரித்து, கதிரியக்கமுள்ள அணுவை அதில் அடையாளமாக வைத்துச் செடிக்கு ஊட்டுவர். பின்னர்ச் செடியிலிருந்தெடுத்த கால்ச்சிசினில் அவ்வடையாளம் காணப்படின், அப்பொருள் வழியிலுள்ள ஒரு படியே எனத் துணியலாம். இங்கிலாந்தில் பாட்டர்ஸ்பி என்பவரின் குழுவினர் 1960-களில் கால்ச்சிகம் என்னும் ஐரோப்பியச் செடியில் இம்முறையைக் கையாண்டு, ஆட்டம்னலின் என்னும் பொருள் அத்தகைய படியென்று நிலைநாட்டினர்.

2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நமது கண்வலிச் செடியையே ஆராய்ந்தனர். இடைப்படிப் பொருளைத் தாமே தயாரித்து, கண்வலியின் ஜீன்களுடன் புகையிலை இனச் செடியொன்றின் இலையில் செலுத்தி, எந்த ஜீன் அப்பொருளை அடுத்த படிக்கு மாற்றுகிறதெனச் சோதித்தனர். இவ்வாறு எட்டு ஜீன்கள் புலப்பட்டன. முடிவில் 16 என்ஸைம்களைக் கொண்டு, கால்ச்சிசினுக்கு முந்திய நிலையிலுள்ள பொருளொன்றை அந்த இலையிலேயே உண்டாக்கினர்.

இதனால் கண்வலிச் சாகுபடிக்குக் கேடு வருமோ எனக் கேட்கலாம். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் இந்நாட்டு அவுரிச் சாகுபடி குன்றியது யாவரும் அறிந்ததே. ஆனால் செயற்கைக் கால்ச்சிசின் 1959-இலேயே கைகூடியும், பல படிகளுடையதாய்ச் செலவு மிகுந்ததாகையால் விதையின் இடத்தைப் பிடிக்கவில்லை. இலையில் நடந்த சோதனையும் கால்ச்சிசின் வரை செல்லவில்லை. ஆகையால் உடனே அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் நிலம் முழுவதையும் இவ்வொரு பயிருக்கே விடுதல் விவேகமாகாது.

கால்ச்சிசின் மருந்தாயினும் கொடிய நஞ்சாகும். விதையையும் கிழங்கையும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும். எவரேனும் தவறி உண்டால், கைவைத்தியத்தில் காலங்கடத்தாது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுமாறு கிராம அதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துரைப்பது நலம்.