ஏழு டஜன் அகலும் ஒரு வார்த்தையும்



நான் விருத்தாசலத்தில் வசிக்கும் இல்லத்தரசி. எங்கள் ஊரைப் பீங்கான் நகரம் என்பார்கள். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழிலுக்கென்றே டிப்ளமோ படிப்பு உள்ள அரசுக் கல்லூரியும் இருக்கிறது. கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, கரண்டு ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு என்று இங்கே செய்யாதது இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு யூனிட்டில் அச்சு வார்க்கும் வேலை செய்கிறார். சீசன் நேரத்தில் நான் வீட்டுக்கே அகல் விளக்குகளை வாங்கி வந்து, பிசிறு தேய்த்து, பழைய பேப்பரில் சுற்றி, டஜன் டஜனாகப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பேன். ஒரு டஜனுக்குக் கிடைப்பது சில்லறைக் காசுதான். ஆனாலும் எங்கள் வீட்டு மளிகைக் கடன் அடைவது அந்தக் காசில்தான்.

2023ஆம் வருடம் டிசம்பரில் என் கண்ணைத் திறந்த ஒரு சம்பவத்தை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இந்தக் கடிதம்.

அப்போது என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை விடுவதற்கு முன் ஒரு புதன்கிழமை, "அம்மாக்கள் காலையிலேயே வந்து வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்" என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கோ போக மனசே இல்லை. கார்த்திகை தீபம் முடிந்தும் மார்கழி விளக்கு என்று கொஞ்சம் ஆர்டர் பாக்கி இருந்தது. 'அரை நாள் போச்சே, பத்து டஜன் சுற்றியிருக்கலாமே' என்று கணக்குப் போட்டுக் கொண்டேதான் போனேன்.

போனபோது பிள்ளைகள் காலை உணவு சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். அந்த வருடம் ஆகஸ்டில்தான் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டு வந்தார்கள். அன்று பொங்கலும் சாம்பாரும். என் மகள் தட்டைக் கழுவிவிட்டு வந்து, என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள்.

வகுப்பில் ஒரு பக்கம் காகித நட்சத்திரம் தொங்கியது. இன்னொரு பக்கம் பிள்ளைகள் வரைந்த பொங்கல் பானைகள். "டீச்சர், லீவுக்கு எங்க ஆயா ஊருக்குப் போறேன்" என்று ஒருவன் கத்த, "நான் மாமா வீட்டுக்கு" என்று இன்னொருத்தி கத்த, ஒரே இரைச்சல். டீச்சர் அதட்டவில்லை. கையைத் தட்டிப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். இரைச்சல் பாட்டாக மாறியது.

முதலில் கணக்கு. டீச்சர் பையிலிருந்து அகல் விளக்குகளை எடுத்துத் தரையில் பரப்பினார். எல்லாம் மூக்கு உடைந்த, விற்காத விளக்குகள்.

"ஒரு பெட்டியில ஒரு டஜன். ஏழு பெட்டியில எத்தனை?"

மற்ற பிள்ளைகள் விரல் மடக்குவதற்குள் என் மகள், "எண்பத்தி நாலு டீச்சர்!" என்றாள்.

"நூறு விளக்கு இருந்தா எத்தனை பெட்டி கட்டலாம்?"

"எட்டு பெட்டி, மீதி நாலு. அது ஏதாச்சும் உடைஞ்சா மாத்தறதுக்கு வச்சுக்கணும் டீச்சர்."

வகுப்பே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பெருமை அரை மணி நேரம்தான் இருந்தது.

அடுத்து தமிழ். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் வயதைப் பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எழுத்து கற்கிறவர்கள் அரும்பு, நன்றாகப் படிக்கிறவர்கள் மலர். கணக்கில் மலரில் இருந்த என் மகள், தமிழ் என்றதும் எழுந்து போய் அரும்பில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

டீச்சர் ஒரு அட்டையைக் காட்டினார். என் மகள் அதை உற்றுப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "வி..." என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து கொண்டாள்.

அட்டையில் இருந்த வார்த்தை 'விளக்கு'.

நாள் தவறாமல் தன் கையால் எடுத்துச் சுற்றுகிற பொருளின் பெயரை அவளால் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கியும் போனாள்.

மணி அடித்ததும் டீச்சர் என்னைத் தனியாக அழைத்து அவள் நோட்டைக் காட்டினார். ஜூன் முதல் செப்டம்பர் வரை எழுத்து மெல்ல மெல்லத் தேறி வந்திருக்கிறது. அக்டோபரிலிருந்து பக்கங்கள் பாதி பாதியாக நிற்கின்றன.

"இந்தப் பிள்ளைங்க ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த வருஷம் கொரோனா. 2021 நவம்பர்லதான் பள்ளிக்கூடமே திறந்தோம். அதனால எழுத்துல கொஞ்சம் பின்தங்கல் எல்லாருக்கும் இருந்துச்சு. உங்க பொண்ணு அதைத் தாண்டி வந்துகிட்டு இருந்தாம்மா. இரண்டாம் பருவத்துலதான் நின்னு போச்சு. சாயங்காலத்துல என்ன பண்றா?"

"விளையாடுவா டீச்சர்" என்று பொய் சொன்னேன்.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. தூங்குகிற என் மகளின் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் செம்மண் தூள். நானும் பார்த்தேன். அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை, அழுது விட்டேன்.

"அழாதீங்கம்மா. வீட்டு வேலையில பிள்ளை கூடமாட உதவறது தப்பில்ல. 2016ல திருத்தின சட்டம்கூட, ஆபத்தில்லாத குடும்பத் தொழில்ல பள்ளி நேரம் போக, லீவு நாள்ல உதவலாம்னுதான் சொல்லுது. ஆனா படிப்பு கெடக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. டஜன் கணக்கு நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். அதே வீட்ல எழுத்தும் கண்ணுல படணும் இல்ல?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அக்டோபரில் கொலு, அடுத்து தீபாவளி, அடுத்து கார்த்திகை. பள்ளிக்கூடத்தின் இரண்டாம் பருவமும் எங்கள் சீசனும் ஒரே மூன்று மாதம்! 'பொண்ணு சமத்து, கூப்பிட்ட குரலுக்கு வந்து உட்கார்ந்து ஒன்பது, பத்து மணி வரைக்கும் சுற்றிக் கொடுக்கிறாள்' என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்தவள் நான்தான். ஒரு நாளாவது 'இன்னிக்கு என்ன படிச்சே?' என்று கேட்டதில்லை.

இரவு வீட்டில் இதைச் சொன்னபோது என் மாமியார், "நாங்கள்லாம் இப்படித்தானே வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்றார். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஈரம் காயாத பொம்மைய அவசரப்பட்டு சூளையில வச்சா வெடிச்சுடும்னு யூனிட்ல தினம் சொல்றோம். வீட்ல அதைத்தானே பண்ணிட்டு இருக்கோம்" என்றார். அதற்கு மேல் மாமியாரும் பேசவில்லை.

அன்றே முடிவு செய்தோம். பள்ளி நாளில் மாலை ஆறு மணிக்கு மேல் மகள் அகலைத் தொடக் கூடாது. அதனால் டஜன் குறையும், காசு குறையும். குறையட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரே உட்கார்ந்து எனக்குச் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்.

விடுமுறைக்கு டீச்சர் பெரிய வீட்டுப் பாடம் எதுவும் தரவில்லை. "தினமும் கண்ணில் படுகிற பத்து வார்த்தை படிக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வார்த்தைக்கா பஞ்சம்? அகல் சுற்றும் பழைய பேப்பர் மூட்டையே இருக்கிறதே! இத்தனை நாளும் அதைக் கிழித்துச் சுற்றத்தான் தெரிந்தது. இப்போது பகல் நேரத்தில், கிழிப்பதற்கு முன் அதிலுள்ள பெரிய எழுத்துத் தலைப்பை அவள் படித்துக் காட்ட வேண்டும் என்று வைத்தோம். முதல் நாள் மூன்று தலைப்புக்குள் அழுகை வந்து விட்டது. ஒரு வாரத்தில், "ம்மா, இந்தப் பேப்பரக் கிழிக்காத, நான் இன்னும் படிக்கல" என்று பிடுங்கிக் கொண்டாள்.

விடுமுறைக் கடைசியில் பெண்ணாடத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் நான் யாரிடமோ பஸ் விசாரித்துக் கொண்டிருந்தேன். மகள் என் முந்தானையை இழுத்தாள்.

"ம்மா, அதோ நிக்குது பாரு. பெ...ண்...ணா...டம். பெண்ணாடம்! ஆயா ஊரு பஸ்சு!"

அந்த இரைச்சலில் யாருக்கும் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் பஸ் ஏறிய பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

மூன்றாம் பருவம் முடிவதற்குள் அவள் தமிழில் மொட்டுக்கு வந்து விட்டாள். ஓடிப் போய் மலர் ஆகிவிடவில்லை. ஆனால் நோட்டில் பாதிப் பக்கங்கள் இல்லை. 2024 சீசனிலும் ஆறு மணிக் கட்டுப்பாட்டை விடவில்லை. மளிகைக் கடனில் கொஞ்சம் நின்றது. அதைப் பொங்கலுக்குப் பிறகு அடைத்தோம்.

சகோதரிகளே, எங்கள் வீட்டில் அகல் விளக்கு. உங்கள் வீட்டில் பூ கட்டுவதாக இருக்கலாம், பீடி சுற்றுவதாக இருக்கலாம், கடையைப் பார்த்துக் கொள்வதாக இருக்கலாம், தம்பிப் பாப்பாவைத் தூக்கி வைத்திருப்பதாகவும் இருக்கலாம். பெண் பிள்ளை என்றால் நாம் கேட்காமலே வந்து செய்யும். அதனாலேயே அது எதை இழக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. இந்த அரையாண்டு விடுமுறையில் பிள்ளையின் நோட்டை எடுத்து, ஜூன் மாதப் பக்கத்தையும் டிசம்பர் மாதப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து எந்த மாதம் நின்றிருக்கிறதோ, அந்த மாதம் நம் வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் அழைத்தால் அரை நாள் போகிறதே என்று நினைக்காமல் ஒரு நடை போய் வகுப்பில் உட்கார்ந்து விட்டு வாருங்கள்.

நான் அன்று போகாமல் இருந்திருந்தால் பத்து டஜன் அகல் கூடுதலாகச் சுற்றியிருப்பேன், அவ்வளவுதான்!

- ஒரு வாசகி, விருத்தாசலம்.