சொந்தச் சரக்குக்குப் பழைய டிரெய்லர்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னரில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பஞ்சை ஆலைக்குக் கொண்டுவரவும், நூற்ற நூலைக் கப்பலுக்கு அனுப்பவும் திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு டிரெய்லர் லாரி வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இது டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளின் வாடகை வண்டியில் நடக்கும் வேலை. வாடகை ஏறும்போதும், அவசரத்துக்கு வண்டி கிடைக்காமல் துறைமுகத்தில் சரக்கு தேங்கிக் கூடுதல் கட்டணம் விழும்போதும், பழைய டிரெய்லர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்ற எண்ணம் ஆலை நிர்வாகத்துக்கு வருகிறது. அப்போது பேச்சு உடனே விலையில் போய் நிற்கும். ஆனால் லாப நட்டத்தைத் தீர்மானிப்பது விலையைவிட, வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களும் காலியாக ஓடும் தூரமும்தான்.

வாடகை வண்டிக்காரர் போகும்போது ஒருவர் சரக்கும் திரும்பும்போது வேறொருவர் சரக்கும் ஏற்றிச் செலவை ஈடுகட்டுவார். சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றும் வண்டிக்கு அந்த வழி சுருங்கிவிடுகிறது. போகும்போது நூல், வரும்போது பஞ்சு என்று இரு பக்கமும் சரக்குள்ள நூற்பாலைக்குச் சொந்த வண்டி பொருந்தும். தாவணகெரேயிலிருந்து மக்காச்சோளம் எடுத்துவரும் நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு ஒரு பக்கம் காலி ஓட்டம்தான்; அங்கே வாடகை வண்டியே மலிவாக முடியலாம். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சொந்தச் சரக்கு வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் தனித்தனிப் பர்மிட் இருந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. ஆனாலும் சொந்தச் சரக்குதானே என்று பர்மிட் இல்லாமல் ஓட்ட முடியாது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மட்டுமே விலக்கு. திரும்பும்போது அடுத்தவர் சரக்கை ஏற்றும் திட்டம் இருந்தால், இன்சூரன்ஸ் பாலிசியில் எழுதியுள்ள பயன்பாடு அதற்கு இடம் தருகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். விபத்து நடந்தபின் அந்த ஒரு வரியை வைத்தே கிளெய்ம் மறுக்கப்படலாம்.

அடுத்தது எடை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, டிரெய்லர் வண்டிகளின் உச்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. அதற்கு முன் பதிவான பழைய வண்டியை விற்பவர் 55 டன் ஏற்றலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதுண்டு. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அதுவே சட்டப்படி செல்லும். பஞ்சு இடத்தை அடைக்கும், எடை குறைவு. இரும்பும் சிமென்டும் நேர்மாறு. பஞ்சு ஏற்றுகிற ஆலைக்கு 22 சக்கர வண்டி எதற்கு? 18 சக்கர வண்டி போதும். டயரிலும் டீசலிலும் மிச்சமாகும்.

வயதும் முக்கியம். மூன்றோ அதற்கு மேலோ அச்சுள்ள சரக்கு வண்டிக்கு 15 வயது வரைதான் நேஷனல் பர்மிட் கிடைக்கும். எட்டு வயது தாண்டினால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல், வடிகட்டி, சென்சார் என்று ஒரு தனி அமைப்பே இருக்கிறது. தரமற்ற கரைசலை ஊற்றி ஓட்டிய வண்டியில் அது பழுதாகி, எஞ்சின் தானாகவே இழுவைத் திறனைக் குறைத்துக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு, பதிவாகியுள்ள பழுதுகளைப் படித்துப் பார்ப்பது ஒன்றே வழி. அதற்கு முந்தைய பி.எஸ்.4 வண்டிகளை உள்ளூர் மெக்கானிக்குகள் நன்றாகவே கையாளுகிறார்கள். நல்ல நிலையில் கிடைத்தால் முதன்முறை வாங்கும் நிறுவனத்துக்கு அதில் தலைவலி குறைவு.

வண்டியைக் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பார்ப்பது நல்லது. விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்லும் புகை அந்த வாய் வழியே தள்ளிக்கொண்டு வருகிறதா என்று தெரியும். வந்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. எஞ்சின் வேலைக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதும், எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருப்பதும் அதைவிட மோசமான அறிகுறிகள்.

எஞ்சின் உள்ள முன்வண்டியை இப்படித் துருவிப் பார்ப்பவர்கள்கூடப் பின்னால் இருக்கும் டிரெய்லரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. சரக்கின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது டிரெய்லர்தான். அதன் முன்பகுதி வளைந்து உயரும் இடத்திலும், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் அருகிலும்தான் சேஸிஸ் விரிசல் விடும். மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடக்க, அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் அடியில் வெல்டிங் இருக்கலாம். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின்னை முன்வண்டியின் ஃபிஃப்த் வீல் கவ்விப் பிடிக்கிறது. டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துவைத்து முன்வண்டியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால், ‘டக் டக்’ என்ற சத்தத்தில் தேய்மானம் தெரிந்துவிடும். கன்டெய்னரை நான்கு மூலையிலும் பூட்டும் லாக்குகள் ஒவ்வொன்றும் சுழல்கின்றனவா என்று கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏர் நிரம்பியதும் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி மீட்டரைக் கவனித்தால் காற்று கசிகிறதா என்று தெரியும்; எங்கே என்பது காதுக்கே கேட்கும். டயர்களில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதும் விலையின் ஒரு பகுதிதான்: ஒரு டயர் 20,000 ரூபாய் என்று வைத்தாலே 22 டயருக்கு 4,40,000 ரூபாய் ஆகிறது.

காகிதங்களைப் பார்க்கும்போது ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தால், அழித்துப் பொறித்த எழுத்துகள் கோணலாகக் காட்டிக்கொடுக்கும். முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி ஆர்.சி. இருந்தால் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ், பைனான்ஸ் பதிவு ஆகியவற்றை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். பைனான்ஸ் முடிந்திருந்தால் அந்த நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வர வேண்டும். நாகாலாந்துப் பதிவெண் கொண்ட டிரெய்லர்கள் நெடுஞ்சாலைகளில் ஏராளம். அப்படி வெளிமாநில வண்டி என்றால் அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவும் செய்ய வேண்டும். இந்த அலைச்சலையும் செலவையும் கழித்தபின்தான் அந்த விலை மலிவா என்று சொல்ல முடியும்.

பணக் கணக்கில் பலர் கவனிக்காத இடம் ஜி.எஸ்.டி. புது லாரிக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நூல் போன்ற வரிக்குட்பட்ட பொருளை விற்கும் நிறுவனம், சரக்கு வண்டிக்குக் கட்டிய இந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய வண்டி விலையைப் புது வண்டியின் வரி நீங்கிய விலையோடு ஒப்பிட வேண்டும். அப்போது இடைவெளி நினைத்ததைவிடச் சிறுத்துவிடும். வருமான வரியில் வாடகைக்கு ஓடும் லாரிக்குத் தேய்மானம் 30 சதவீதம், சொந்தச் சரக்கு ஏற்றும் லாரிக்கு 15 சதவீதம்தான். மைலேஜும் பலர் கவனிக்காத இடம்தான்: மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு மூன்றரைக்குப் பதில் மூன்று கிலோமீட்டர் கொடுத்தால் சுமார் 380 லிட்டர் டீசல் கூடுதலாகும். டீசல் 92 ரூபாய் என்றால் மாதம் சுமார் 35,000 ரூபாய்.

பேரம் முடிந்ததும் படிவம் 29, 30-இல் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், விவரம் தெரிந்த விற்பனையாளர் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட விடமாட்டார். ஆர்.சி. மாறினால் பர்மிட் தானாக மாறாது. அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் 14 நாள்தான். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வந்துவிடும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு, பாலிசியில் புது உரிமையாளர் பெயர் ஏறும் வரை கைகொடுக்காது. பழைய உரிமையாளர் கணக்கோடு இணைந்த ஃபாஸ்டேகையும் எடுத்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும். முதல் லோடு ஏற்றுமுன் ஆயில், ஃபில்டர்கள், வீல் கிரீஸ், பிரேக் லைனிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது வழக்கம். அந்தச் செலவையும், முதல் ஆறு மாதத்தில் தலைகாட்டும் பழுதுகளுக்கான தொகையையும் வாங்கும் விலையோடு சேர்த்தே ஒதுக்கிவைக்க வேண்டும்.