பள்ளிக்கரணைக்கு வந்துபோகும் பறவை எத்தனை? தலையை எண்ணினால் மட்டும் விடை கிடைக்காது!

பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் கட்சிக்காரர் ஒரு கணக்கு சொல்வார். போலீசார் வேறு கணக்கு சொல்வார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வரும் வெளிநாட்டுப் பறவைகள் விஷயத்திலும் இதே சங்கடம்தான். கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிற பழக்கம் பறவைக்குக் கிடையாது!

அக்டோபர் முதல் மார்ச் வரை சைபீரியா, மத்திய ஆசியா என்று எங்கெங்கோ இருந்து வாத்தும் உள்ளானும் வந்து இறங்குகின்றன. பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு இருந்தும் வருகின்றன.

நூறு நூறாக...

எண்ணுபவர்கள் டெலஸ்கோப்பை ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் நூறு பறவையை ஒழுங்காக எண்ணுவார்கள். அந்த நூறு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதைப்போல எத்தனை கட்டம் தேறும் என்று பார்ப்பார்கள். 43 கட்டம் என்றால் 4 ஆயிரத்து 300.

நடுவில் ஒரு பருந்து தாழப் பறந்தால் போச்சு! போலீஸ் வேனைப் பார்த்த நடைபாதை வியாபாரிகள் மாதிரி மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கிளம்பிய கூட்டம் பெரும்பாக்கம் ஏரியில் இறங்கி அங்கேயும் எண்ணப்பட்டால் இரட்டைக் கணக்கு. அதனால் பக்கத்து ஏரிகளிலும் ஒரே நேரத்தில் ஆள் நிற்க வேண்டும்.

வில்லங்கம் இனிமேல்தான்

இதெல்லாம் ஒருநாள் கணக்கு. காலை 9 மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் தலையை எண்ணினால், அந்த நேரத்தில் நின்றவர்கள்தான் தெரியும். அன்று முழுவதும் ஏறி இறங்கியவர்கள் அதைப்போல் பல மடங்கு. பறவையும் அப்படியே. ஒன்று மூன்று மாதம் தங்கும். இன்னொன்று சில நாள் இரை தின்று, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விடும். அது நின்ற சேற்றில் வேறொன்று வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே முகம்தான்!

ஒரு பேச்சுக்கு, 60 நாளும் தினம் ஆயிரம் உள்ளான் தெரிகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் சராசரி 10 நாள் தங்கினால், வந்துபோனது ஆயிரம் அல்ல, 6 ஆயிரம். 20 நாள் தங்கினால் 3 ஆயிரம்.

தங்கும் நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? பறவையைப் பிடித்து, காலில் வளையமோ கலர் பட்டையோ மாட்டி விடுகிறார்கள். அதே பறவை கடைசியாக என்றைக்குக் கண்ணில் பட்டது என்று குறித்துக்கொள்கிறார்கள். இதிலும் ஒரு ஓட்டை. பிடிபடுவதற்கு முன்பே அது வந்து பத்து நாள் ஆகியிருக்கலாம்!

நம்பருக்கு ஏன் இந்தப் பாடு?

ஒரு ஈரநிலத்தில் வழக்கமாக 20 ஆயிரம் நீர்ப்பறவை இருந்தாலோ, ஒரு இனத்தின் மொத்தத்தில் 100-க்கு 1 பங்கு அங்கே வந்தாலோ, ராம்சார் ஒப்பந்தப்படி அது உலக முக்கியத்துவம் உள்ள இடம். வந்துபோகிற கணக்கையும் இதில் காட்டலாம். பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர், 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. 1965-ல் 5 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு இது. ரோடும் கட்டிடமும் குப்பையும் தின்றது போகத்தான் இன்று இருப்பது. "அங்கே என்ன சார் இருக்கு, நாலு கொக்குதானே?" என்று மனை போட வருகிறவர் கேட்டால், எடுத்துக்காட்ட நோட்டில் நம்பர் வேண்டும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் வருஷா வருஷம் ஜனவரியில் நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அக்டோபரில் வந்து டிசம்பருக்குள் கிளம்பிய உள்ளான் அந்த நோட்டில் ஏறவே ஏறாது. சீசன் பூராவும் பத்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் சேற்றோரம் நின்று எண்ண ஆள் வேண்டும்.