பாரமும் படமும்: கனத்த ஒளிப்படக் கருவியைச் சுமக்க இயலுமா?

முன்னுரை

கல்வெட்டு, ஓலைச்சுவடி, கல்லறைக் கல், பழங்கட்டடம் ஆகிய எதனை ஆராயப் புகுந்தாலும் இன்று முதலில் தேவைப்படுவது ஒளிப்படமே. எழுத்தை விழியால் படித்துக் கையால் பெயர்த்து எழுதிய காலம் போய், ஒளியால் பதிந்துகொண்டு வந்து அமைதியாக அமர்ந்து படிக்கும் காலம் வந்துவிட்டது. ஆகவே களப்பணிக்குச் செல்லும் மாணவர் பலரும் நம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "பெரிய கேமராதான் தெளிவாக எடுக்கும் என்கிறார்கள், ஐயா. ஆனால் அதை நாள் முழுதும் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா?" என்பதே அவ்வினா.

எளிய வினாப்போலத் தோன்றினும் இதற்கு 'முடியும்' என்றோ 'முடியாது' என்றோ ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. எவ்வளவு கனம் என்பதோடு, எவர் சுமப்பது, எவ்வளவு நேரம் சுமப்பது, எவ்வாறு சுமப்பது, எதற்காகச் சுமப்பது என்னும் நான்கையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. அவற்றை முறையே ஈண்டுக் காண்போம்.

திருச்சிக்கு வந்த பெரும்பெட்டி

புத்தூரில் வாழும் நமக்கு இவ்வினாவின் வரலாறு தொலைவில் இல்லை. மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் முதன்முதலாக விரிவாகப் படமெடுத்தவர்களுள் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட அவர், 1857-இன் இறுதியில் புறப்பட்டு 1858-இன் முற்பகுதியில் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களில் பணியாற்றினார். அவர் வந்த நாளில் திருவரங்கத்துத் தெற்கு இராஜகோபுரம் முற்றுப்பெறாத மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அது 236 அடி உயரத்துடன் நிறைவு கண்டது 1987-இல்தான்.

டிரைப் கையாண்ட கருவி சாதாரணமானதன்று. அதில் வைக்கும் எதிர்ப்படத் தாளே ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி பரவாத காலம் அது. எதிர்ப்படம் எவ்வளவோ, அச்சுப்படமும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமெனின் பெரிய பெட்டி வேண்டும். பெட்டி, லென்சு, முக்காலி, இரசாயனக் குப்பிகள், நீர், கழுவும் தட்டுகள் ஆகிய அனைத்தும் மாட்டு வண்டிகளில் ஏறியே ஊர் ஊராகச் சென்றன.

இவ்விடத்தில் அவர் செய்த ஒரு முடிவு கருதத்தக்கது. அக்காலத்தில் இரு முறைகள் வழக்கில் இருந்தன. ஒன்று, 1851-இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கண்ணாடித் தகட்டு முறை. தகட்டில் பூசிய கரைசல் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆதலின் இருட்டறைக் கூடாரத்தையும் உடன் சுமக்க நேரும். மற்றொன்று, அதே 1851-இல் குஸ்தாவ் லெ கிரே அறிவித்த மெழுகுத் தாள் முறை. தாளை முன்னரே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். படமெடுத்த பின்னரும் பொறுத்துக் கழுவலாம். டிரைப் தம் தமிழகப் பயணத்திற்கு மெழுகுத் தாளையே தேர்ந்தார்.

இத்தேர்வால் குறையும் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 15 அங்குலம், 12 அங்குலம் அளவும் 3 மில்லிமீட்டர் கனமும் கொண்ட ஒரு கண்ணாடித் தகட்டின் எடை ஏறத்தாழ 870 கிராம். இருபது தகடுகள் எனின் 17 கிலோவைத் தாண்டும். அதே அளவுள்ள தாள்கள் இருபதும் ஒரு புத்தகத்தின் எடைக்குள் அடங்கிவிடும். கருவியின் எடையைக் குறைக்க இயலாதவிடத்து, அதனோடு செல்லும் பொருள்களின் எடையைக் குறைப்பது என்னும் அறிவு இதில் விளங்குகிறது. இன்றும் இது பொருந்தும் நெறியே.

இவ்வளவு பாடுபட்டதன் பயன் யாது? தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார் டிரைப். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிவரிசையில் தஞ்சைக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியே சோழர் எழுத்து ஒளியால் படியெடுக்கப்பட்டுவிட்டது. 'பெட்டி மிகக் கனமாக இருக்கிறது' என்று அவர் அதைப் பெங்களூரிலோ சென்னையிலோ வைத்துவிட்டு வந்திருந்தால் இப்பேறு நமக்கு வாய்த்திராது.

ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. அத்தொகுதிகளின் முகப்பில் காணப்படும் பெயர் டிரைப்பின் பெயரே. வண்டி ஓட்டியவர், பெட்டியை இறக்கியவர், தண்ணீர் சுமந்தவர் பெயர்கள் அங்கில்லை. 1863-இல் சாமுவேல் போர்ன் சிம்லாவிலிருந்து இமயமலைக்குப் படமெடுக்கச் சென்றபோது ஏறத்தாழ முப்பது கூலியாட்கள் உடன் சென்றனர். இத்தகைய பயணங்களில் 'சுமக்க எளிதாக இருந்ததா?' என்று கேட்டால் எவருடைய தோளைக் கேட்பது? பிறர் சுமக்கும் வரை எந்தக் கருவியும் கனமில்லை. இன்றைய மாணவருக்கோ அந்த வசதி இல்லை. படமெடுப்பவரும் அவரே, சுமப்பவரும் அவரே.

'இயலாது' என்ற விடையின் பயன்

சுமக்க இயலாது என்று உண்மையாக ஒப்புக்கொண்டவராலும் ஒளிப்படக்கலை வளர்ந்திருக்கிறது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பார்னாக் என்பார் ஆஸ்துமா நோயுடையவர். தகட்டுக் கருவியையும் முக்காலியையும் சுமந்து நடப்பது அவருக்குப் பெருந்துன்பம். ஆகவே திரைப்படச் சுருளையே பயன்படுத்தும் கையடக்கமான கருவியொன்றை முதல் உலகப்போருக்கு முன்னரே உருவாக்கினார். அது 1925-இல் லைக்கா என்னும் பெயரில் விற்பனைக்கு வந்து உலகெங்கும் செய்திப்படக் கலையையே மாற்றிவிட்டது. சிறிய எதிர்ப்படம் எடுத்துப் பின்னர்ப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதே அதன் அடிப்படை. ஒருவருடைய மூச்சுத் திணறலைக் குறை என்று ஒதுக்காமல், அதற்கேற்பக் கருவியைத் திருத்தியதால் விளைந்த நன்மை இது.

நம் நாட்டிலும் ஆலப்புழையில் 1940களில் தொடங்கப்பட்ட வாகீசுவரி கேமரா நிலையத்தின் தேக்குமரப் பெட்டிகள் நெடுங்காலம் ஸ்டுடியோக்களில் நின்று பணிபுரிந்தன. அவை தாங்கியில் நிற்பவை. கழுத்தில் தொங்குபவை அல்ல. பின்னர்க் கலியாண வீடுகளில் பரவிய இரட்டை லென்சுக் கருவிகளோ மார்பளவில் தொங்கி, மேலிருந்து குனிந்து பார்க்கும் அமைப்பின. கருவியின் பாரம் உடலோடு ஒட்டியே நின்றமையால் ஒரு கிலோ எடையும் பெரிதாகத் தோன்றவில்லை.

எடை வேறு, பாரம் வேறு

தராசு காட்டுவது எடை. உடல் உணர்வதே பாரம். இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சும்மாடு, காவடி, சுமைதாங்கி என்னும் மூன்றுமே அதற்குச் சான்று.

சும்மாடு சுமையின் எடையில் ஒரு குன்றிமணியும் குறைப்பதில்லை. எனினும் அது அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. கேமராவின் தோள்வாரும் அவ்வாறே. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வார் தரும் அழுத்தத்தில், நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள வார் தருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. மெல்லிய வார் கழுத்தை அறுப்பதும் அகன்ற வார் பொறுக்கத்தக்கதாக இருப்பதும் இதனால்தான்.

காவடி இருபுறமும் சுமையைச் சமன் செய்து, பாரம் உடலின் நடுவே இறங்குமாறு செய்கிறது. கழுத்தில் முன்புறமாகத் தொங்கும் கருவி தலையை முன்னிழுக்கும். ஒரு தோளில் தொங்குவது உடலை ஒருபுறம் சாய்க்கும். இரு தோள்களிலும் மாட்டும் வாரோ முதுகுப்பையோ காவடியின் வேலையைச் செய்யும். குறுக்காக அணிந்து இடுப்பருகே தொங்கவிடும் வாரும் கழுத்துக்கு ஓய்வளிக்கும்.

நெம்புகோல் விதியும் இங்குச் செயற்படுகிறது. உடலிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்த 3 கிலோவை 30 சென்டிமீட்டர் தொலைவுக்கு நீட்டினால் தோள் உணரும் திருப்புவிசை மும்மடங்காகும். ஆதலின் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடக்கையை லென்சின் அடியில் தாங்கிப் பிடித்தல் வேண்டும். அண்மைக்காலத் தயாரிப்பாளர்களும் இவ்வுண்மையைக் கைக்கொள்கின்றனர். கேனன் நிறுவனத்தின் 600 மில்லிமீட்டர் தொலைநோக்கு லென்சு 1999-இல் 5,360 கிராம் இருந்தது; 2018-இல் வந்த அதன் மூன்றாம் வடிவம் 3,050 கிராமே. கண்ணாடிகளைப் பின்புறமாக நகர்த்தி அமைத்தமையால் முன்புறத் தொங்கலும் குறைந்தது.

மூன்றாவதாகிய சுமைதாங்கி நமக்குச் சொல்லும் பாடம் மிகப் பெரிது. வழிப்போக்கர் பிறர் துணையின்றித் தலைச்சுமையை அப்படியே நகர்த்தி வைத்து இளைப்பாறப் பாதையோரம் நட்ட கல் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதை நிறுவும் வழக்கமும் இருந்தது. சுமக்க முடியுமா என்று கேட்பவர், இறக்கி வைக்க இடமுண்டா என்றும் கேட்க வேண்டும். படமெடுக்காத வேளையில் கருவியைப் பையில் வைப்பதும், நண்பருடன் மாறிமாறிச் சுமப்பதும் இக்காலச் சுமைதாங்கிகள்.

சோதித்து அறியும் முறை

கடையில் இரண்டு நிமிடம் கையில் ஏந்திப் பார்த்து முடிவு செய்தல் கூடாது. வழி நீண்டால் துரும்பும் பாரமாகும். கேனன் 1டி எக்ஸ் மார்க் 2 என்னும் கருவி மின்கலத்துடன் 1,530 கிராம். அதனோடு 70-200 மில்லிமீட்டர் லென்சின் இரண்டாம் வடிவத்தைப் பூட்டினால் 1,490 கிராம் கூடும். ஆக 3 கிலோவைச் சற்றே தாண்டுகிறது. 2013-இல் வந்த சோனி ஏ7 போன்ற கண்ணாடியில்லா வகைக் கருவியோ லென்சு நீங்கலாக 474 கிராம்தான். இவ்வெண்களைப் படித்தால் மட்டும் போதாது. உடலால் அறிய வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. வாங்க நினைக்கும் கருவி, லென்சு, மின்கலம், பை அனைத்தின் எடையையும் கூட்டி, அவ்வளவு நீரைப் புட்டிகளில் நிரப்பிப் பையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொள்க. குடிநீருக்கு ஒரு புட்டி தனியாகச் சேர்த்துக்கொள்க. புத்தூர் நால்ரோட்டில் புறப்பட்டு, உறையூர் வழியே நடந்து, மலைக்கோட்டையின் நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்குக. சித்திரை வெயிலில் வேண்டா. எனினும் காலைக் குளிரில் மட்டும் சோதிப்பதும் ஏமாற்றும். களப்பணி நடைபெறும் வேளையிலேயே நடந்து பார்த்தல் நன்று.

முதல் மணி நேரத்தில் பெரும்பாலோர் எதையும் உணர்வதில்லை. இரண்டாம் மணி நேரத்தில் எங்கு வலிக்கிறது என்று கவனிக்க வேண்டும். தோளின் மேற்புறம் வலித்தால் வாரை மாற்றலாம். மணிக்கட்டு வலித்தால் பிடியை மாற்றலாம். கழுத்திலிருந்து கைவரை மரத்துப்போதலோ அடிமுதுகில் குத்தலோ தோன்றினால் அக்கருவி அவருக்கு ஆகாது. முன்னரே கழுத்து, முதுகு நோயுடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே துணிதல் வேண்டும்.

வலியைக் காட்டிலும் நம்பத்தக்க அடையாளம் ஒன்றுண்டு. வழியில் ஒரு தூணோ எழுத்தோ கண்ணில் பட்டதும் 'எடுக்கலாமே' என்று கை பையை நோக்கிச் செல்கிறதா, 'போகட்டும், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று மனம் தள்ளிப்போடுகிறதா? தள்ளிப்போடத் தொடங்கிவிட்டால் கருவி கனத்துவிட்டது என்பது பொருள். உடல் 'முடியும்' என்று கூறும்போதே மனம் 'வேண்டா' என்று கூறிவிடுகிறது. எடுக்காமல் விட்ட படங்களே பாரத்தின் உண்மையான விலை.

கனத்திற்கும் பயனுண்டு. கனத்த கருவி கையில் எளிதில் நடுங்காது. பெரிய லென்சோடு சமனாக நிற்கும். கைக்குப் பெரியவருக்கு நல்ல பிடியும் தரும். நாள் முழுதும் நின்று கலியாணம் எடுப்பவர் உறுதியும் விரைவும் கருதி அதை ஏற்கிறார். ஓலைச்சுவடி எடுப்பவரோ முக்காலியில் நிறுத்தி எடுப்பவர். கருவியின் கனம் அவர் தோளை வருத்துவது போய்வரும் வழியில் மட்டுமே. ஊரூராய் நடந்து கல்வெட்டுத் தேடுபவருக்கு இலேசான கருவியே ஏற்றது. ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள கைப்பேசியும் நல்ல ஒளியில், பக்கவாட்டு வெளிச்சத்தில், எழுத்தைத் தெளிவாகப் பதிந்து தருகிறது. வீட்டு அலமாரியில் உறங்கும் உயர்ந்த கருவியைவிடக் கையில் இருக்கும் எளிய கருவி மேலானது.

முடிவுரை

டிரைப் பெரிய பெட்டியைக் கொண்டுவந்தமையால் தஞ்சைக் கல்வெட்டின் படிமம் நமக்குக் கிடைத்தது. பார்னாக் அதைச் சுமக்க மறுத்தமையால் ஒளிப்படம் எளியோர் கைக்கும் எட்டும் வழி திறந்தது. இருவர் விடையும் சரியே. இருவரும் தத்தம் பணியையும் தத்தம் சூழலையும் அளந்தே முடிவு செய்தனர். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். பெரிய கருவி பெருமை தரும் என்பதற்காக வாங்குவதும், சிறிய கருவி மலிவு என்பதற்காக வாங்குவதும் ஒருபோலப் பிழை.

மணல் பீச்சிச் சுத்தம் செய்வதாலும் சுண்ணாம்புப் பூச்சாலும் கல்லெழுத்துகள் அழிகின்றன. பழைய வீடுகளின் பரண்களில் அரபுத்தமிழ் ஏடுகளும் ஓலைகளும் செல்லரிக்கின்றன. இவற்றைப் பதிவு செய்யும் பணி இன்றைய மாணவர் தோள்மேல் இருக்கிறது. பெரியோர் தம் பரண்களைத் திறந்துவிடுவாராக. மாணவர் தாம் களைப்பின்றித் தூக்கிச் செல்லக்கூடிய கருவியோடு புறப்படுவாராக. ஏட்டிலுள்ள எழுத்து, அடுத்த ஆண்டு நல்ல கேமரா வாங்கும் வரை காத்திருக்காது.