ஹொண்டா எழுநூற்றைம்பது: கொல்லன் மகன் கண்ட இரும்புக் குதிரை

கண்டுபிடிப்பு என்றவுடன், இதற்குமுன் ஒருவரும் கண்டிராத புதுமை ஒன்றையே நாம் எதிர்பார்க்கின்றோம். ஆனால் இயந்திரங்களின் வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்குவோமாயின், உலகின் போக்கை மாற்றிய பொருள்கள் பல அத்தகையன அல்ல என்பது புலப்படும். அறிந்தோர் சிலர் முன்னரே அறிந்திருந்தவற்றை, செல்வர் சிலர் மாத்திரம் அனுபவித்தவற்றை, ஒன்றாகத் திரட்டிப் பலர்க்கும் எட்டும் விலையிற் கொடுத்த பொருள்களே அவை. 1969ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஹொண்டா சீ.பீ. 750 என்னும் மோட்டார் சைக்கிள் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

பட்டறையிலிருந்து பந்தயக் களத்துக்கு

சொய்ச்சிரோ ஹொண்டா 1906ஆம் ஆண்டிலே யப்பானின் சிசுவோக்கா மாகாணத்தில் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர். போரினால் நாடு பாழ்பட்டுக் கிடந்த 1946இல் ஹமமட்சு நகரில் ஒரு சிறு தொழிற்கூடத்தை அவர் நிறுவினார். இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் ஊட்டப் பயன்பட்டு, போர் முடிந்தபின் வீணே கிடந்த சிற்றியந்திரங்களை வாங்கிச் சைக்கிள்களிற் பூட்டி விற்றார். பஸ்ஸுக்கும் புகைவண்டிக்கும் அல்லற்பட்ட மக்கள் அவற்றை விரும்பி வாங்கினர். 1948இல் அத்தொழிற்கூடம் கம்பனியாயிற்று. மறு ஆண்டில் டக்கெயோ புஜிசாவா என்பார் வந்து சேர்ந்தார். இயந்திரம் ஒருவர் பொறுப்பு, வாணிகம் மற்றவர் பொறுப்பு என இருவரும் பங்கிட்டுக் கொண்டனர்.

1954ஆம் ஆண்டு கம்பனிக்குப் பெரும் பணநெருக்கடி ஏற்பட்ட ஆண்டு. அவ்வாண்டிலேதான், பிரித்தானியாவை அடுத்துள்ள மான் தீவில் நடைபெறும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தாம் கலந்துகொள்ளப் போவதாக ஹொண்டா அறிவித்தார். 1959இல் முதன்முறையாகச் சென்ற குழு, 125 கன சென்ரிமீற்றர் வகுப்பில் ஆறாம் இடத்தைப் பெற்றது. தயாரிப்பாளருக்குரிய குழுப் பரிசையும் அடைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், 125, 250 ஆகிய இரு வகுப்புகளிலும் முதல் ஐந்து இடங்களும் ஹொண்டாவுக்கே கிடைத்தன. 1966இலோ, 50 முதல் 500 வரையிலான ஐந்து வகுப்புகளிலும் தயாரிப்பாளருக்கான உலக வெற்றி ஹொண்டாவையே சார்ந்தது. இப்பந்தயங்களிற் செலவழிந்த பணம் வீண்போகவில்லை. சிறிய சிலிண்டர்கள் பலவற்றைச் சேர்த்து மிக விரைவாகச் சுழலச் செய்யும் கலையை அக்களமே யப்பானியருக்குக் கற்பித்தது.

பெரியதொரு வண்டி வேண்டும்

1958இல் ஹொண்டா வெளியிட்ட சூப்பர் கப் என்னும் சிறு வண்டி உலகெங்கும் பரவியது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த ‘ஹொண்டா பிப்டி’யை அறியாத இல்லம் நம் நாட்டிலும் அரிது. ஆயினும் பெரிய வண்டி என்றால் அக்காலத்தில் ட்ரையம்ப், பீ.எஸ்.ஏ., நோர்ட்டன் என்னும் பிரித்தானியப் பெயர்களும், அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனுமே நினைவுக்கு வரும். யப்பானியரின் சிறு வண்டியில் ஓட்டப் பழகியவர்கள் பின்னர் தம்முடைய பெரிய வண்டியை வாங்க வருவார்கள் எனப் பிரித்தானிய உற்பத்தியாளர் பலர் ஆறுதல் கொண்டிருந்தனர். ட்ரையம்ப் நிறுவனத்தின் எட்வேர்ட் ரேணர் 1960இல் யப்பானுக்கு நேரே சென்று அங்குள்ள தொழிற்சாலைகளைக் கண்டு அறிக்கை எழுதினார். எச்சரிக்கை காதில் விழுந்தது, கை அசையவில்லை.

1965இல் ஹொண்டா வெளியிட்ட 450 கன சென்ரிமீற்றர் வண்டி திறமை வாய்ந்தது எனினும் அமெரிக்காவில் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. காரணத்தை அறியச் சென்ற பொறியியலாளர் யொஷிரோ ஹராடாவுக்குக் கிடைத்த விடை எளியது: அமெரிக்கர் விரும்பியது இன்னும் பெரிய வண்டி. ஹார்லியின் 1,300 கன சென்ரிமீற்றர் இயந்திரம் 66 குதிரைவலுவைத் தந்தது. அதனினும் ஒன்று கூட்டி 67 என்று இலக்கு வகுக்கப்பட்டது. ஹராடாவின் தலைமையிற் சிறு குழுவொன்று வேலையைத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டு ஒக்டோபரில் டோக்கியோ மோட்டார்க் காட்சியிலே அவ்வண்டி மக்கள் பார்வைக்கு வந்தது.

நான்கு சிலிண்டர்களின் நுட்பம்

அதன் இயந்திரத்தின் கொள்ளளவு 736 கன சென்ரிமீற்றர். அது குறுக்காக வரிசையில் நிற்கும் நான்கு சிலிண்டர்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. இவ்வாறு பகுப்பதால் வரும் நன்மை யாது? மாணவர்கள் சற்றுச் சிந்தித்துப் பார்க்கலாம்.

அக்காலத்துப் பிரித்தானிய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இரு பிஸ்டன்களும் ஒன்றாகவே மேலெழுந்து ஒன்றாகவே கீழிறங்கும். கனமான இரு பொருள்கள் ஒரே திசையில் நொடிக்குப் பலமுறை பாய்ந்து நின்று திரும்பும்போது வண்டி முழுவதும் நடுங்காதிருக்குமா? ஓட்டுபவரின் கை மரத்துப் போகும். ஆணிகள் தளர்ந்து கழலும். ஹொண்டாவின் நான்கு பிஸ்டன்களில் இரண்டு மேலெழும்போது மற்ற இரண்டு கீழிறங்கும். ஒன்றின் உதைப்பை மற்றொன்று தாங்கிக் கொள்வதால் நடுக்கத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். மேலும், தண்டு ஒருமுறை சுழலுவதற்குள் இருமுறை எரிவாயு வெடித்துத் தள்ளுவதால் ஓட்டம் சீராக அமையும். சிலிண்டர் ஒன்றுக்கு 184 கன சென்ரிமீற்றரே ஆகையால் பிஸ்டன்களும் இலேசானவை. நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளில் 67 குதிரைவலுவை அந்த இயந்திரம் தந்ததன் இரகசியம் இதுவே.

பந்தய வண்டியின் தலையில் வால்வுகளை இயக்க இரு தண்டுகள் இருந்தன. இங்கே எளிமையும் மலிவும் கருதி ஒன்றே வைத்தனர். இயந்திரத்தின் அடிப்பெட்டியைப் பிரித்தானியர் செங்குத்தாகப் பிளந்து இணைத்தனர். அவ்விணைப்பின் வழியே எண்ணெய் கசிவது வழக்கமாயிற்று. ஹொண்டாவோ கிடையாகப் பிளந்து இணைத்தது. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இல்லாதது பலருக்கு வியப்பாகவே இருந்தது. ஐந்து படிப் பற்சக்கரப் பெட்டியும், உதைக்காமலே பொத்தானை அழுத்திக் கிளப்பும் மின்விசையும் உடன் அமைந்தன.

ஓடுவது பெரிதா, நிற்பது பெரிதா?

இவ்வண்டி மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தை எட்டவல்லது. அதன் எடையோ ஏறத்தாழ 220 கிலோகிராம். வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிகம் படிப்போர் அறிவர். அச்சக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். பழைய முறையிலே சக்கரத்தின் நடுவிலுள்ள மூடிய உருளைக்குள் பட்டைகள் உராயும். வெப்பம் வெளியேற வழியின்றிப் பிரேக்கின் பிடி தளரும். வட்டத்தகட்டு முறையிலோ தகடு காற்றிலே வெளிப்படையாகச் சுழலுவதால் விரைவிற் குளிரும். மோட்டார்க் கார்களில் அது பரவிவிட்டது. பெருந்தொகையாக விற்கும் பெரிய மோட்டார் சைக்கிளில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அத்தகைய பிரேக்கைப் பொருத்தியது பெரும் துணிவே. அதற்கான ஆராய்ச்சி முற்றுப்பெறாத நிலையில், எதைப் பூட்டுவது என்று ஹராடா கேட்டபோது, வட்டத்தகடே வேண்டும் எனச் சொய்ச்சிரோ ஹொண்டா தீர்த்துச் சொன்னார் என்பர். விரைவைக் கொடுப்பவன் அதை அடக்கும் வழியையும் கொடுக்கக் கடமைப்பட்டவன் அன்றோ?

விலையும் விளைவும்

அமெரிக்காவில் இவ்வண்டியின் விலை 1,495 டொலர். யப்பானில் 385,000 யென். ஆண்டுக்கு 1,500 வண்டிகள் விற்றாற் போதும் என்று கம்பனி எண்ணியிருந்தது. அதனால் விலையுயர்ந்த அழுத்த வார்ப்பு அச்சுகளைச் செய்யாமல், முதல் 7,400 வண்டிகள் வரையிலும் அடிப்பெட்டிகளை எளிய முறையிலே வார்த்தனர். ஆனால் ஆண்டுக்கு என்ற எண் மாதத்துக்கு என்றாகி, அதுவும் போதாமல் மாதம் 3,000 ஆயிற்று. யப்பானியர் இதனை ‘நனஹன்’, அதாவது ‘ஏழரை’ எனச் செல்லமாக அழைத்தனர்.

குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்க காலத்து வண்டிகளிலே சங்கிலி அறுந்து அடிப்பெட்டியை உடைத்ததுண்டு. 1970ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் டேட்டோனாவில் நடைபெற்ற 200 மைல் பந்தயத்தில் நான்கு ஹொண்டாக்கள் ஓடின. மூன்று நடுவழியிலே நின்றுவிட்டன. நான்காவதை ஓட்டிய டிக் மான், இயந்திரத்தின் நலிவை உணர்ந்து பக்குவமாக நடத்தி முதலாவதாக வந்தார்.

பிரித்தானியர் உறங்கிக் கிடந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. 1968இல் ட்ரையம்பும் பீ.எஸ்.ஏ.யும் மூன்று சிலிண்டர் கொண்ட 750 வண்டிகளை வெளியிட்டிருந்தன. அவை விரைந்து ஓடின. ஆனால் உதைத்தே கிளப்ப வேண்டும். பற்சக்கரப் படிகள் நான்கே. பிரேக்கு பழைய உருளையே. பழைய பொறிகளைக் கொண்டு பழைய முறையிலே உற்பத்தி செய்த தொழிற்சாலைகளிற் புதிய முதலீடு போதியதாக இல்லை. 1973இல் பீ.எஸ்.ஏ. வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே ட்ரையம்பின் மெரிடன் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தபோது, தொழிலாளர் அதனுள்ளே புகுந்து தம் பிழைப்பைக் காக்கப் போராடினர். பின்னர் கூட்டுறவு முறையில் அதனை நடத்தியும் 1983இல் அதுவும் மூடப்பட்டது. வண்டி செய்யும் கைத்திறனில் எவர்க்கும் குறையாதவர்கள் அத்தொழிலாளர். மேலிருந்தோர் காலத்தில் எடுக்காத முடிவுகளுக்குக் கீழிருந்தோர் விலைகொடுத்தனர். இக்கதையின் வருந்தத்தக்க பகுதி இதுவேயாகும்.

ஹொண்டாவும் நெடுங்காலம் தனித்து முன்னிற்கவில்லை. 1972இல் கவாசாக்கி நிறுவனம் 903 கன சென்ரிமீற்றர் கொண்ட நான்கு சிலிண்டர் வண்டியை வெளியிட்டு அதனை முந்தியது. ஒற்றை வால்வுத் தண்டு கொண்ட முதல் 750 வகை 1978உடன் முடிவுற்றது. ஆனால் அது வகுத்த அமைப்பு, குறுக்கே நிற்கும் நான்கு சிலிண்டர், முன்சக்கர வட்டத்தகட்டுப் பிரேக்கு, மின்விசைக் கிளப்பி ஆகியன, பின்வந்த பெரிய வண்டிகள் பலவற்றுக்கும் இலக்கணமாயிற்று.

அதில் இருந்த உறுப்புகளில் உலகம் அறியாதது என்று எதனையும் கூறல் அரிது. நான்கு சிலிண்டர்களை இத்தாலியர் அறிந்திருந்தனர்; வட்டத்தகட்டுப் பிரேக்கைக் கார் உற்பத்தியாளர் அறிந்திருந்தனர். தோல்வியுற்ற 450இன் காரணத்தைத் தேடிச் சென்று கேட்கும் பணிவு, பந்தயத்திற் பெற்ற கல்வி, சாதாரண மனிதனுக்கும் சிறந்ததையே கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஆகிய மூன்றையுமே யப்பானியர் தம் பங்காகச் சேர்த்தனர். பிறர் கண்டதைப் பார்த்துச் செய்வது தொடக்கம். அதன் காரணத்தை உணர்ந்து செம்மையாக்குவதே கல்வி. கருவி எதுவாயினும் நம் மாணவர்களும் அதனை விலைகொடுத்து வாங்கியதோடு அமையாமல், அது ஏன் அவ்வாறு இயங்குகின்றது என்று ஒருமுறையேனும் வினவுவாராக.